மூளைக் கட்டியும் மூன்று கணக்குகளும்

மூளையில் புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததுமே, அவ்வீட்டார் அனைவர் நெஞ்சிலும் எழுந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் எத்தனை நாள்? வாய்விட்டுக் கேட்பவர் சிலர். கேட்க அஞ்சி மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் பலர். இக்கேள்விக்கு விடை காணும் பொருட்டு, கட்டியின் மரபணுக்களையும் புரதங்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. அதில் பெங்களூருக்குப் பங்குண்டு. செட்டிகுளம் போன்ற ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கும் ஒரு பங்குண்டு; அது பலருக்குத் தெரிவதில்லை.

நான் மருத்துவனல்லன். பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தமக்கையின் கணவருக்கு இந்நோய் கண்டபோது மருத்துவர்கள் கூறியவற்றைக் குறித்துவைத்து, பின்னர் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அத்தான் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் பயிரிட்டவர். எங்கள் பகுதியில் வெங்காயம்தான் கல்யாணத்தையும் கடனையும் தீர்மானிக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 2018 ஆம் ஆண்டு கோடையில் அவருக்குக் காலைதோறும் தலைவலியும் குமட்டலும் வந்தன. வெயிலின் கொடுமை என்றே எல்லாரும் நினைத்தோம். பின்பு சொற்கள் தடுமாறத் தொடங்கின. "விதை வெங்காயம்" என்று சொல்ல வந்து, "விதை... விதை..." என்று நின்றுவிடுவார். தேடிய சொல் கிடைக்காதபோது அவர் முகத்தில் தோன்றிய வெட்கத்தை என்னால் மறக்க இயலவில்லை. பெரம்பலூரில் எடுத்த ஸ்கேன் படத்தில் மூளையின் இடப்புறம் ஒரு கட்டி தெரிந்தது. வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஜூன் மாதத்தில் அறுவை நடந்தது. கட்டியின் பெயர் கிளியோபிளாஸ்டோமா. மூளைக் கட்டிகளில் மிகக் கொடிய நான்காம் படியைச் சேர்ந்தது.

அறுவைக்கு முந்திய இரவு ஓர் இளம் மருத்துவர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்தார். முதலாவது, அறுவைக்குச் சம்மதம். இரண்டாவது, வெட்டியெடுக்கும் கட்டியில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்காக வைத்துக்கொள்ளச் சம்மதம். முதல் தாளுக்குத் தடை சொல்லாத அக்கா, இரண்டாவதைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"நோயை எடுத்து எறியத்தானே தம்பி வந்தோம்? எறிய வேண்டியதை எதற்காக எடுத்துவைக்கிறார்கள்? அவர் தலையில் இருந்தது ஊர் பேர் தெரியாத இடத்தில் கிடக்க வேண்டுமா?"

அந்த மருத்துவர் பொறுமைசாலி. கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்துவைப்பார்கள். அது நோயின் வகையைக் கண்டறிவதற்கு. இன்னொரு துண்டை, எடுத்தவுடனேயே, சுழிக்குக் கீழே 196 பாகைக் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனில் உறையவைப்பார்கள், அது ஆராய்ச்சிக்கு. ஏன் அத்தனை அவசரம் என்று நான் கேட்டேன். உயிரணுவுக்குள் உள்ள செய்திச் சீட்டுகள் மிக விரைவில் சிதைந்துவிடும் என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதைப் பற்றிப் பிறகு கூறுகிறேன்.

அத்தான்தான் முடிவு செய்தார். சொற்களைக் கூட்டிக் கூட்டி, "பயிரில் அழுகல் கண்டால் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் விவசாய ஆபீசில் காட்டுவதில்லையா? காட்டினால்தானே அடுத்த போகத்துக்கு மருந்து சொல்வார்கள்? கொடு, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அன்று அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

நிற்க. இந்நோய்க்கு இன்று அளிக்கப்படும் சிகிச்சை 2005 ஆம் ஆண்டில் நிலைபெற்றது. முடிந்தவரை கட்டியை அகற்றுவது, ஆறு வாரம் கதிர்வீச்சு, அதனுடன் டெமோசோலோமைடு என்ற மாத்திரை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 நோயாளிகளைக் கொண்டு நடத்திய பெரியதோர் ஆய்வின் பயன் இது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதம்.

14.6 என்ற எண்ணை ஒருவர் எங்களிடம் சொன்னார். அக்கா அதைப் பதினான்கு மாதத் தவணை என்று எடுத்துக்கொண்டார். கணக்கு வாத்தியார் என்ற முறையில் அன்றிரவு நான் செய்த ஒரே நற்செயல், அந்த எண்ணின் பொருளை அவருக்கு விளக்கியதுதான். நூறு பேரை அவரவர் வாழ்ந்த கால வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவரின் கால அளவே இடைநிலை. பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்திருக்கின்றனர். மாத்திரை பெற்றவர்களில் இரண்டாண்டு கடந்தவர்கள் நூற்றுக்கு 26 பேருக்கு மேல். ஐந்தாண்டு கடந்தவர்கள் ஏறத்தாழப் பத்து பேர். ஆகவே எண் தீர்ப்பன்று.

ஆனால் அக்கா திருப்பிக் கேட்ட கேள்வி என்னைத் திகைக்கவைத்தது. "அந்தப் பத்து பேர் யார், தம்பி? அவர்களுக்கு மட்டும் எப்படி?"

மேற்சொன்ன ஆராய்ச்சி முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே. ஒரே பெயருடைய நோய், ஒரே மருந்து, ஒத்த வயது; ஆயினும் ஒருவர் எட்டு மாதத்தில் மறைகிறார், மற்றவர் எட்டாண்டு கழித்தும் வயலுக்குப் போகிறார். காரணம் கட்டிக்குள் இருக்க வேண்டும். கட்டிக்குள் எங்கே பார்ப்பது?

எங்கள் ஊர்ப் பழக்கத்தில் இருந்தே இதை விளக்கலாம். வெங்காயம் அறுவடையானதும், விலை ஏறட்டும் என்று, காற்றோட்டமாகக் கட்டிய பட்டறையில் சேமித்துவைப்போம். எவ்வளவு வைத்தோம் என்பது நோட்டில் இருக்கும். வியாபாரியிடமிருந்து சீட்டுகள் வரும். இன்ன நாளில் இத்தனை மூட்டை என்று. நோட்டையும் சீட்டையும் மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவன் ஏமாந்து போவான். ஏனெனில் பட்டறையைத் திறந்தால் அடியில் அழுகியிருக்கும், எடை இறங்கியிருக்கும், சில வேளை எதிர்பாராமல் அதிகமாகவும் இருக்கும். சீட்டு நூறு மூட்டை என்று சொல்லும். சரக்கு அறுபதுதான் தேறும்.

உயிரணுவும் அப்படித்தான். அதன் உட்கருவில் உள்ள மரபணுக்கள் நோட்டு. வேலைக்குத் தேவையானபோது ஒரு மரபணுவிலிருந்து நகல் எடுத்துச் செய்திச் சீட்டு அனுப்பப்படுகிறது. எந்த மரபணுவிலிருந்து எத்தனை சீட்டுகள் போகின்றன என்பதே மரபணு வெளிப்பாடு. சீட்டைப் படித்துப் புரதம் செய்யப்படுகிறது. புரதமே சரக்கு, அணுவை வளர்ப்பதும், பழுது பார்ப்பதும், பக்கத்து அணுவைத் துளைத்துச் செல்வதும் அதுதான். சீட்டு ஏராளமாக இருந்தும் புரதம் குறைந்திருப்பதுண்டு. சீட்டு சொற்பமாக இருக்கப் புரதம் அழியாமல் தேங்கி நிற்பதுமுண்டு. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. புரதம் இருந்தாலே போதாது. அதன்மீது பாஸ்பேட் என்ற சிறு குறி ஒட்டிக்கொண்டால்தான் சில புரதங்கள் விழித்தெழுந்து வேலை செய்யும். ஆகவே நோட்டு, சீட்டு, சரக்கு எல்லாவற்றையும் ஒரே கட்டியில் பார்த்தவனே அக்கட்டியை அறிந்தவனாவான்.

2005 ஆம் ஆண்டின் அதே ஆய்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. டெமோசோலோமைடு மாத்திரை கட்டியின் மரபுப் பொருளைச் சேதப்படுத்தும். எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் அச்சேதத்தைச் செப்பனிட்டுக் கட்டியைக் காப்பாற்றிவிடும். சிலருடைய கட்டியில் அப்புரதத்துக்குரிய மரபணு பூட்டப்பட்டிருக்கிறது, செப்பனிடுபவன் பிறப்பதேயில்லை. 206 பேரின் கட்டிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ நூற்றுக்கு 45 பேருக்கு அவ்வாறு பூட்டியிருந்தது. பூட்டியிருந்து மாத்திரையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், பூட்டாதவர்களுக்கு, அதே மாத்திரையைப் பெற்றும், 12.7 மாதம். அக்காவின் "எப்படி?" என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை இது.

அப்படியானால் புரதத்தையே நேராகப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். இந்த எம்.ஜி.எம்.டி. விஷயத்தில் அதுவும் நம்பத்தக்கதாக அமையவில்லை. கட்டிக்குள் ஓடும் இரத்தக் குழாய்களிலும் அங்கு வந்து சேர்ந்த வெள்ளணுக்களிலும் அதே புரதம் உண்டு. சாயமேற்றிப் பார்த்தால் யாருடைய சரக்கு எது என்று குழம்பும். பட்டறையைத் திறந்து பார்ப்பதாலேயே கணக்கு முடிந்துவிடாது. பக்கத்து வீட்டு மூட்டையும் அங்கே கிடக்கலாம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்ப்பதன் தேவை இங்கேதான் விளங்குகிறது.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும், நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய மனநலம் மற்றும் நரம்பறிவியல் நிறுவனமும் இணைந்து இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றன. 2010 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, நான் மேலே சொன்ன முறைக்கு அழகான சான்று. ஆய்வாளர் பட்டியலில் குமாரவேல் சோமசுந்தரம், அறிவழகன் என்ற தமிழ்ப் பெயர்களைக் கண்டதும் எனக்கு உண்டான பெருமையை மறைப்பானேன்! நோய்க்கூறு நிபுணர் வாணி சந்தோஷும் அக்குழுவில் ஒருவர்.

அவர்கள் முதலில் சீட்டுகளைப் பார்த்தனர். கட்டிகளின் மரபணு வெளிப்பாட்டுத் தொகுப்பை ஆராய்ந்து, கிளியோபிளாஸ்டோமாவில் மட்டும் மிகுந்து ஒலிக்கும் 31 மரபணுக்களைப் பிரித்தெடுத்தனர். கண்டபடி எடுக்கவில்லை, அணுவை விட்டு வெளியே வரக்கூடிய, அல்லது அணுவின் மேற்பரப்பில் தங்கும் புரதங்களுக்கு உரியவற்றையே எடுத்தனர். ஏனெனில் வெளியே வரும் புரதம் இரத்தத்தில் கலக்கும். தலையைத் திறக்காமலே கையில் ஊசி குத்தி அதை அளக்கலாம். பிறகு அவற்றுள் ஆஸ்டியோபான்டின் என்ற புரதத்தைக் கட்டியிலும் பார்த்தனர், நோயாளிகளின் இரத்தத்திலும் அளந்தனர். எலும்பில் முதலில் அறியப்பட்ட புரதம் அது. மூளைக் கட்டியில் அதற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சீட்டும் மிகுந்திருந்தது, சரக்கும் மிகுந்திருந்தது. இரத்தத்தில் அப்புரதம் மிகுந்தவர்களின் இடைநிலை ஆயுள் 9 மாதம். குறைந்தவர்களுக்கு 22 மாதம். ஒரே நோய்ப் பெயருக்குள் இத்தனை பெரிய இடைவெளி! 2013 ஆம் ஆண்டில் இதே பெங்களூர்க் குழுவினர், 14 மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கொண்டு நோயாளிகளை ஆபத்து மிகுந்தோர், குறைந்தோர் எனப் பிரிக்கலாம் என்றும் காட்டினர்.

பின்னர் கருவிகள் வளர்ந்தன. ஒவ்வொரு புரதமாகத் தேடும் காலம் போய், நிறை அளக்கும் கருவியால் ஒரே கட்டியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை அளக்கும் காலம் வந்தது. 2021 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் திட்டத்தின்கீழ், சிகிச்சை தொடங்குமுன் எடுத்த 99 கட்டிகளில் மரபணு, செய்திச் சீட்டு, புரதம், புரதத்தின்மேல் ஒட்டிய குறிகள் யாவும் சேர்த்து அளக்கப்பட்டன. வெவ்வேறு கட்டிகளில் வெவ்வேறு மரபணுக்கள் கெட்டிருந்தாலும், அவற்றின் கட்டளைகள் பல இரண்டு புரதங்களில் வந்து சந்திக்கின்றன என்று தெரிந்தது. ஒன்றின் பெயர் பி.டி.பி.என்.11, மற்றது பி.எல்.சி.ஜி.1. நோட்டை மட்டும் படித்திருந்தால் தனித்தனிக் கோளாறுகளாகத் தோன்றியிருக்கும். சந்திப்பில் வழி மறிக்க முடிந்தால் பல கட்டிகளுக்கு ஒரே மருந்து போதலாம் என்ற நம்பிக்கை அதனால் பிறந்தது. நம்பிக்கைதான்; மருந்து இன்னும் வரவில்லை.

இதுவரை சொன்னவை இரண்டு கணக்குகள். மூன்றாவது கணக்கு ஆய்வுக்கூடத்தில் கிடைப்பதன்று.

அத்தான் அறுவைக்குப் பின் பதினேழு மாதம் இருந்தார். அதில் முதல் பத்து மாதம் நன்றாகவே இருந்தார். ஒரு போகம் வெங்காயம் வைத்து எடுத்தார். பூசைக்கு நடந்தே வந்தார். பேத்தியின் பெயரை மட்டும் மறப்பார், மறந்ததற்குத் தாமே சிரிப்பார். 2019 நவம்பரில் காலமானார். ஒன்றரை ஆண்டு கழிந்தது. ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மா, ஐயா இப்போது எப்படி இருக்கிறார்?"

அக்காவுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆறிவந்த புண்ணை யாரோ கீறியது போலாயிற்று. அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அவர் போய்விட்டார் அம்மா" என்றார். எந்தத் தேதி என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். "கல்லறைத் திருநாள் கழித்து மூன்றாம் நாள்" என்றார் அக்கா. அவருக்கு நாள் அப்படித்தான் நினைவிருந்தது. மறுமுனையில் இருந்தவருக்கு அது விளங்கவில்லை. நான் தொலைபேசியை வாங்கி, 2019 நவம்பர் 5 என்று சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டார், மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

"உயிரோடு இருந்தபோது பார்த்தார்கள், சரி. போன பிறகு தேதி எதற்காம்?" என்று அக்கா என்னிடம் பொரிந்தார். அன்றுதான் நான் ஒரு தாளை எடுத்து அவருக்குப் படிக்கட்டுப் படம் வரைந்து காட்டினேன். 1958 ஆம் ஆண்டில் கப்லான், மையர் என்ற இரு கணித வல்லுநர்கள் வகுத்த முறை அது. இடப்பக்கத்தில் மேலே நூறு என்று தொடங்கும் கோடு, ஒருவர் இறக்குந்தோறும் ஒரு படி கீழே இறங்கும். மேலே சொன்ன 9, 22 என்ற எண்களெல்லாம் இத்தகைய படிக்கட்டில் பாதி உயரத்தைக் கோடு தொடும் இடத்தில் படித்து எடுப்பவைதாம். ஒவ்வொரு படியும் ஒரு வீட்டார் சொன்ன தேதி. பத்தாயிரம் புரதங்களை அளந்தாலும், அந்த மனிதர் எத்தனை நாள் இருந்தார் என்று தெரியாவிட்டால், எந்தப் புரதம் ஆயுளைக் குறைத்தது என்று சொல்ல வழியில்லை.

தேதி கிடைக்காதவர்களை என்ன செய்வார்கள் என்று அக்கா கேட்டார். கடைசியாகப் பார்த்த நாள் வரை உயிரோடிருந்தார் என்று மட்டும் கொள்வார்கள். கோட்டின்மேல் ஒரு சிறு கீறல் இட்டு, அதற்குப் பின் அவரைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவார்கள். கீறல்கள் பெருகினால் படிக்கட்டின் நம்பகம் குறையும். நம் ஊர்களில் இது எளிதில் நேர்கிறது. தொலைபேசி எண் மாறுகிறது. மகன் வேலைக்காகத் திருப்பூர் போனதும் வீடு பூட்டப்படுகிறது. நோயாளி இறந்த பின் அந்த மருத்துவமனைக் கோப்பைத் திறக்கவே யாருக்கும் மனம் வருவதில்லை. அதுவும் இயல்புதானே! ஆனால் ஆலத்தூர் கேட்டில் பேருந்து ஏறி அவ்வளவு தூரம் போய் ஒருவர் தம் தலையிலிருந்து கொடுத்த துண்டு, தேதி இல்லாமையால் பாதிப் பயனோடு உறைபெட்டியில் கிடப்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோப்பின் முதல் பக்கத்தில் திசு எண் என்று ஒன்று எழுதியிருப்பார்கள். எண் மாறினால், ஆள் மறைந்தால், அந்த எண்ணைச் சொல்லி ஒரு வார்த்தை தெரிவித்தால் போதும்.

இவ்வளவு கணக்கிட்டும் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று வாசகர்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். கிளியோபிளாஸ்டோமாவைப் பொறுத்தவரை, 2005 ஆம் ஆண்டின் சிகிச்சையே இன்றும் அடித்தளம். ஆனால் அதன் உறவுக் கட்டிகளில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூளைக் கட்டிகளின் மரபணு எழுத்துகளைப் படித்தபோது, ஐ.டி.எச்.1 என்ற மரபணுவில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டனர். அப்பிழை உள்ளவர்கள் பெரும்பாலும் இளையோர், நெடுநாள் வாழ்ந்தனர். அந்த எழுத்துப் பிழையால் உருமாறிய புரதம் வேண்டாத ஒரு பொருளை உண்டாக்குகிறது என்பது பின்னர் தெரிந்தது. அப்புரதத்தைத் தடுக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரையை, மெதுவாக வளரும் இரண்டாம் படிக் கட்டி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கட்டி மீண்டும் வளராமல் இருந்த காலம் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக உயர்ந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. எழுத்தைப் படித்ததிலிருந்து மாத்திரை வரப் பதினாறு ஆண்டு.

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் வெங்காயத்துக்கு வால் நறுக்கிக்கொண்டிருந்தார். "அத்தானுக்கு அந்தப் பிழை இருந்ததா?" என்று கேட்டார். அறிக்கையில் இல்லை என்று போட்டிருந்தது; எம்.ஜி.எம்.டி. பூட்டும் இல்லை. இரண்டுமே இல்லாமல்தான் அவர் பதினேழு மாதம் இருந்தார் என்றேன். அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் துண்டு இன்னும் இருக்குமா, தம்பி?" என்றார்.

மெழுகில் பதித்தது பல ஆண்டு கெடாது என்று சொன்னேன்.